மீன் தொட்டி கலங்கியது யாரால்?

"சார், மீனுக்குப் பசிச்சா நமக்கு எப்டி சார் தெரியும்?" என்று நான் ஆசிரியராக இருந்த காலத்தில் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்தால் பசி என்றேன். அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

இன்று காலை எங்கள் வீட்டு மீன் தொட்டி அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்திருந்தது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த மருமகளைப் பையைக்கூட இறக்கவிடவில்லை.

"நீ தீனிய அள்ளிப் போடுற, அதான் இப்படி" என்றேன்.

அவள் பையை ஓரமாக வைத்தாள். தூங்கப் போகாமல், கால்வாசித் தண்ணீரை டியூப் வைத்து இறக்கினாள். கூழாங்கற்களை விலக்கியதும் கை நின்றது.

"மாமா, இங்க வந்து பாருங்க. உங்க சேர் இருக்கிற பக்கம்தான் தீனி ஊறிப்போய்க் கெடக்குது. நான் போடறது அந்தப் பக்கம்."

நான் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் மீன்கள் என்னைத் தேடி வரும். தேடி வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்புவதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறேன்.

"தப்பு என்னுதும்மா. உன்னப் போயி சொல்லிட்டேன்."

"வுடுங்க மாமா. நீங்க வந்து குந்திக்கினா அதுங்களுக்கு நாஷ்டா கடை தொறந்த மாதிரி" என்று சிரித்தாள். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

இப்போதுதான் படுத்திருக்கிறாள். தொட்டி இன்னும் தெளியவில்லை, நானும்தான்.

உங்கள் தொட்டி வெளுத்தால், வீட்டில் யாரையும் குறை சொல்லும் முன் தீனி டப்பாவை ஒரு நாள் மூடி வையுங்கள்.