அரிசி வைக்காத வீடு

அந்தக் கார்த்திகையில் எங்கள் பக்கம் மூன்று சுவர்கள் இடிந்தன. மூன்று வீட்டிலும் அரிசி இருந்தது.

துடியலூரிலிருந்து மேற்கே போனால், செங்கல் சூளைகள் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் மலை மிக அருகில் வந்துவிடும். அங்கே பொழுது சாய்ந்த பிறகு யானை என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. ‘பெரியவரு’ என்பார்கள். பெரியவருக்கு அரிசி வாசம் வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும். உப்பும் வெல்லமும் அப்படித்தான். அதனால் தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் வீடுகளில் இவை எதையும் வைப்பதில்லை. ஊருக்குள் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவந்து, இருட்டுவதற்குள் தின்று முடித்துவிடுவார்கள்.

பழனியாத்தாளுக்கு ஊருக்குள் சொந்தம் யாருமில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த எப்சிபா அக்காதான் இருந்தார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பம்ப்செட் பவுண்டரி ஒன்றில் வார்ப்புக்கு மணல் அச்சுப் பிடிக்கும் வேலை. கறுப்பு மணல் அவர் நகக்கண்களை விட்டுப் போவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்கு நீட்டும் கையிலும் இருக்கும். காலை ஆறரைக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடப்பார். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்த பழனியாத்தாளின் உடம்பைத் துடைத்து, சேலை மாற்றி, சோறு ஊட்டி, எட்டு மணி ஷிப்ட்டுக்கு ஓடுவார். சாயங்காலம் மறுபடியும் ஒரு நடை. திரும்பும்போது ஒரு பருக்கை விடாமல் தரையைத் துடைப்பார். மிஞ்சிய கஞ்சித் தண்ணீரைக்கூட அங்கே ஊற்றாமல் தூக்குப்போசியில் ஊருக்குள் கொண்டுவந்துவிடுவார்.

“ஏம்புள்ள, உப்பத்தான் ஊட்டுல வெக்க உடமாட்டேங்கற. கொளம்புலயாச்சும் போடப்படாதா? உங்க ஏசு வேண்டான்னுட்டாரா?” என்பார் பழனியாத்தாள்.

“ஏசு ஒண்ணுஞ் சொல்லலைங்க ஆத்தா. பிரசர் மாத்தரை குடுத்த டாக்டருதானுங்க வேண்டான்னாரு.”

“ரெண்டு பேரும் கூட்டு.”

மகன் தனபால் பீளமேட்டில் அடுக்குமாடி வீடு ஒன்றின் நான்காவது மாடியில் இருந்தார். கூட்டிப்போகப் பலமுறை வந்தார். “அந்தரத்துல தொங்கிட்டுச் சாகறவ நானில்ல” என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார் அவர் தாய்.

அக்காவின் கணவர் அருள்குமாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. மில் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் ஒன்றாகத் தேநீர் குடிக்கக்கூட மனைவி வீட்டில் இருப்பதில்லை. ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார்.

“அந்தம்மா தோட்டத்துல உங்கம்மா களையெடுக்கையில கொட்டாங்குச்சில தண்ணி ஊத்துனாங்களே, மறந்துபோச்சா?”

“எப்படீங்க மறக்கும்? நானும் அதுல குடிச்சவதான்.”

“அப்பறம் என்னத்துக்கு?”

“என்னத்துக்குன்னா? அவங்களுக்குப் பசிக்குமில்லீங்க.”

நான் நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். நான் கிளம்பியபோது பெரியவர் இந்தப் பக்கம் இறங்கியதில்லை. அரிசி வைக்காத வழக்கம் எனக்குத் தெரியாது. இடிந்த சுவர்களைப் பார்த்தேன். ஏன் இடிந்தன என்று கேட்கவில்லை. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபை விதவைகளுக்குக் கொடுக்கும் பைகளைக் கொண்டுசேர்க்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். பத்துக் கிலோ அரிசி, வெல்லம், உப்பு, ஒரு கேக். பட்டியலில் பழனியாத்தாளின் பெயர் இல்லை. அக்காவின் சுமை குறையட்டும் என்று நானே எழுதிச் சேர்த்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் போனேன். அக்கா வந்து போய்விட்டிருந்தார். கட்டிலில் இருந்தபடியே பழனியாத்தாள் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“பொன்னியா?”

“ஆமாங்க ஆத்தா.”

வாயைப் பிரிக்கச் சொன்னார். மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு, அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டார். கொஞ்சம் தரையில் சிந்தியது.

“அரிசி இல்லாத ஊடு ஒரு ஊடா, கண்ணு? சொவுரு ஒசரத்துக்கு மூட்டை அடுக்குன ஊடு இது. கட்டலுக்கு அடியில தள்ளிவெய்யி. எப்சிபாகிட்டச் சொல்லிப்போடாத.”

கேக்கை அக்கா தின்னவிடமாட்டார் என்று சொல்கிறாராக்கும் என நினைத்துச் சிரித்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால், களத்தில் தோட்டத்து நாய்கள் இரண்டும் நின்றிருந்தன. என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. இரண்டும் தோப்பின் மேற்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆறு மணிக்குச் சபைக் கோவிலில் பாட்டுப் பயிற்சி. ரகசியத்தை இரண்டு பாட்டு வரைக்கும்தான் என்னால் காப்பாற்ற முடிந்தது.

“அக்கா, இனி ஆத்தாவுக்கு அரிசிக்குக் கவலையில்ல” என்றேன்.

அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடினார். “எங்க வெச்ச?”

“கட்டலுக்கு அடியில.”

“கட்டினபடியே இருக்குதா, பிரிச்சாச்சா?”

“பிரிச்சாச்சுங்க.”

“வண்டிய எடு கண்ணு.”

 வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்த அவர் கை இறுகிக்கொண்டே வந்தது. தோட்டத்து வாசலில் இரண்டு வாழைகள் முறிந்து கிடந்தன. ஒரு மணி நேரத்துக்கு முன் அவை நின்றிருந்தன. நாய்களைக் காணவில்லை.

“வண்டியத் திருப்பி நிறுத்து. பாரஸ்ட்காரங்களுக்குப் போன் போடு. நீ உள்ள வரப்படாது” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.

“ஏ, எங்க இழுத்துட்டுப் போற! அது எம்பட அரிசி!” என்று பழனியாத்தாள் கத்துவது கேட்டது.

“பெரியவரு வந்துட்டாருங்க ஆத்தா. சத்தம் போடாதீங்க.”

மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வெளியே வந்தார். மாட்டுத் தொட்டி வரை நாற்பது அடி இருக்கும். அதன் அருகே எல்லாவற்றையும் கொட்டினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: தொட்டிக்கு அப்பால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே இருட்டு என்று நான் நினைத்தது இருட்டில்லை. அதற்குக் காது இருந்தது.

ஓடி என்னிடம் வந்திருக்கலாம். அக்கா நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரியவர் அவசரப்படவில்லை. அரிசியை ஊதி ஊதிக் கூட்டி அள்ளும் சத்தம் ஸ்கூட்டர் வரைக்கும் கேட்டது. முடித்துவிட்டு ஈர மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் சிந்தியதைத் துடைக்க அக்காவுக்கு நேரம் இருந்திருக்காது. பெரியவர் நேராகக் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குப் போனார்.

சுவர் பெரிய சத்தமில்லாமல்தான் விழுந்தது.

ஜீப் வந்து வேட்டு வெடித்து அவரை விரட்டும்வரை நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. உள்ளே போனபோது கட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பழனியாத்தாளின் மேல் குப்புறக் கிடந்த அக்காவின் முதுகெல்லாம் காரைத் தூள். அதற்கு நடுவே ஈரமாக ஒரு நீண்ட தடம். தும்பிக்கை கட்டிலுக்கு அடியில் துழாவி, பிறகு மேலே வந்து, அவர் முதுகைத் தடவிப் பார்த்துப் போயிருந்தது.

“பாதி உசுர அவரு எடுத்தாரு. மீதிய மேல உளுந்து இவ எடுத்தா” என்றார் பழனியாத்தாள். கை மட்டும் அக்காவின் சேலைத் தலைப்பை விடவில்லை.

வனக்காவலர் டார்ச்சை அடித்துத் தரையைப் பார்த்தார். “ஒருக்கா அரிசி கெடச்ச ஊட்ட இவரு மறக்கமாட்டாருங்க. பெரியம்மாவ இங்க வெக்காதீங்க.”

மறுநாள் தனபால் வந்து கெஞ்சினார். அழுதார். பிறகு ஆள் விட்டுச் சுவரை எழுப்பிப் பூசிவிட்டுப் போனார். அவர் தாய் அசையவில்லை. அன்று சாயங்காலம் கேரியரோடு ஒரு பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். அருள்குமார் வாசலை மறித்து நின்றார்; பிறகு அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து ராத்திரி அங்கேதான். காலைக் கேரியரை நான் கொண்டுபோகிறேன். பிப்ரவரியில் கிளம்ப ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பெரியவர் வருகிறார். முதல் வாரம் தடம் மாட்டுத் தொட்டியோடு நின்றது. அடுத்த வாரம் களத்தில் இருந்தது.

இன்று காலை நான் போனபோது, புதுப் பூச்சின் மேல், கட்டில் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாக ஒரு வட்டம் இருந்தது. அக்கா வெளியே நின்று பழந்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பழனியாத்தாள், குழம்பில் இன்றாவது உப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆத்தாகிட்டச் சொல்லிப்போடாத, கண்ணு” என்றார் அக்கா.

இந்த முறை நான் சொல்லவில்லை.