விதியில் இல்லாத குடுமி

சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு ரீத்தா போன் செய்தார். "சார், அம்மா போயிட்டாங்க" என்றார். நான், "எங்கே?" என்று கேட்டேன். ரீத்தா என்மேல் வருத்தப்படாமல், "இன்னைக்குக் காலையில சார். தூக்கத்துலயே" என்றார். ஆக்னஸ் டீச்சருக்குத் தொண்ணூறு நெருங்கிவிட்டது. எந்த நாளும் வரக்கூடிய செய்திதான். ஆனாலும் நான் அப்படிக் கேட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

மகளோடு புக்கிட் செந்தோசாவில் இருந்த அவரை, செரண்டா தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் டாக்சி பிடித்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பூசை முடிந்ததும் குருவானவர், "டீச்சரோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இரண்டு வார்த்தை சொல்லலாம்" என்றார். அவரோடு வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். ரீத்தா திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் எழுந்து போகவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது. அன்று வாயால் சொல்லாததை, அவரிடம் படித்த நீங்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன்.

உங்களுக்கு அவர் கணக்கு டீச்சர். எனக்கு அவர் போட்டி வைப்பவர். என் மனைவி இறந்த பிறகு, கோல சிலாங்கூர் வீட்டில் தனியாக இருக்கும் எனக்கு வாரத்தில் தவறாமல் வந்த ஒரே அழைப்பு அவருடையது. சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் ஒரு போட்டி நிகழ்ச்சி வரும். அவர் அங்கே பார்ப்பார், நான் இங்கே பார்ப்பேன். முடிந்து ஐந்து நிமிஷத்தில் போன் அடிக்கும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. நேராகத் தீர்ப்புதான்.

"பாத்தீங்களா சார்? முத பையனுக்கு வாரத்துக்கு எத்தனை நாளுன்னு கேக்காத குறைதான். அடுத்து வந்த பொண்ணுக்கு எந்த நாட்டுக் கொடியில எந்தப் பறவைன்னு கேக்குறான். இது போட்டியா லா?"

"கேள்விகளைக் குலுக்கிப் போட்டு எடுத்திருப்பார்கள், டீச்சர்."

"குலுக்கறதுக்கு முன்னால தரம் பிரிக்க வேணாமா? லேசையும் கஷ்டத்தையும் ஒரே டப்பாவுல போட்டுக் குலுக்கினா அதுக்குப் பேரு லாட்டரி."

இன்னொரு வாரம் உயரமான ஓர் ஆளையும் குள்ளமான ஓர் அம்மாளையும் ஒரே அலமாரியின் மேல்தட்டிலிருந்து பொருள் எடுக்கவிட்டார்கள். அந்த அம்மாள் எம்பி எம்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றார். அரங்கமும் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அளவு நாடா வாங்கக் காசில்லையா அவங்களுக்கு? தோத்துப் போனவ வீட்டுக்குப் போயி, இன்னொரு தடவை விட்டுப் பாரு, ஜெயிச்சுக் காட்டுறேன்னு சொல்லணும் சார். இந்தம்மா என்னன்னு சொல்லுவாங்க? இன்னும் அரை அடி வளந்துட்டு வர்றேன்னா?"

அவர் இறந்த அன்று மாலையும் நான் பழக்கத்தில் தொலைக்காட்சியைப் போட்டேன். இரண்டு பேர் எதற்காகவோ ஓடினார்கள். யார் ஜெயித்தார் என்று நினைவில்லை. நிகழ்ச்சி முடிந்தது. போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோய் விளக்குப் போட்டேன்.

நாங்கள் பழகியது மலாயாவின் அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட காலம். சுங்கை ஆயர் தாவாருக்குத் தெற்கே ஒரு தென்னந்தோட்டம். அதன் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் ஆசிரியர்கள். தோட்டத்தில் அங்கங்கே இருந்த தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போகக் கூடாது என்று. ஜனங்கள் வேலிக்குள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதனால் துரை, மாதத்தில் ஒரு சனிக்கிழமை திடலில் போட்டிகள் நடத்தச் சொன்னார். ஜெயித்தவர்கள் மறுநாள் தோட்டத்து லோரியில் கோல சிலாங்கூருக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வரலாம். வேலிக்கு வெளியே ஒரு முழுப் பகல்! அதற்காக ஆட்கள் உயிரைக் கொடுத்து விளையாடினார்கள். போட்டிகளை யோசிப்பது டீச்சர். விதிகளை எழுதுவதும், நேரம் பார்ப்பதும், விசில் ஊதித் தீர்ப்புச் சொல்வதும் நான்.

முதல் மாதம் ஆண்களுக்குத் தேங்காய் உரிக்கும் போட்டி. மண்ணில் நட்ட இரும்புப் பாரையில் தேங்காயைக் குத்தி மட்டையை நெம்பி எடுக்க வேண்டும். ஆட்களை வேலை வாங்கும் மண்டோருடைய மச்சான் ஜெயித்தார். பிறகுதான் டீச்சர் கவனித்தார், அவருக்குப் போய்ச் சேர்ந்த குவியல் முழுவதும் காய்ந்த நெற்று, மற்றவர்களுக்கு விடாப்பிடியான பச்சை மட்டை. அடுத்த மாதம் அவர் எல்லாக் குவியலையும் கொட்டி, நெற்று பத்து, பச்சை ஐந்து என்று ஆளுக்குச் சமமாகப் பிரித்தார். நான் கூடவே இருந்து எண்ணினேன்.

"என்ன டீச்சரம்மா, தேங்காய்க்குமா ரேஷன்?" என்றார் மண்டோர்.

"ஆமா மண்டோரு. போன மாசம் உங்க மச்சான் கார்டுல கூட வந்துருச்சாம்."

திடலே சிரித்தது. மண்டோரும் சிரித்தார்.

எந்தப் போட்டியையும் அவர் முதலில் தானே செய்து பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாரையில் தேங்காய் உரித்துப் பார்த்து, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். ஒரு வாரம் இடது கையால் கரும்பலகையில் எழுதினார். எழுத்துகள் கோணலாக விழுந்தன. பிள்ளைகள் அதே கோணலோடு எழுதி வைத்தார்கள். "எம்மாங் கஷ்டமுன்னு தெரியாம எப்படி சார் அடுத்தவங்களச் செய்யச் சொல்றது?" என்று என்னைக் கேட்டார். நான் என் விதிகளை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவன்.

நான் சொல்ல வந்தது பாப்பாத்தியைப் பற்றி. கொப்பரைக் கொட்டகையில் வேலை செய்தவர். அவர் கணவர் அரிசியை வேலிக்கு வெளியே கொடுத்தார் என்ற சந்தேகத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், கோல சிலாங்கூரில் வைத்திருந்தது. திங்கட்கிழமை வடக்கே ஒரு முகாமுக்கு மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்குள் அவரைப் பார்த்து வர பாப்பாத்தி அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. லயத்தில் அவரோடு பேசவும் ஆட்கள் பயந்தார்கள். நானும் பயந்தேன்.

அந்த வாரம் டீச்சர் என்னிடம் வந்து, பெண்களுக்கும் தேங்காய் உரிக்கும் போட்டி வைக்கலாம் என்றார். எனக்குப் புரிந்தது. ஜெயித்தவர்களின் பெயர்களை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒரே தாளில் தட்டச்சு செய்வார். துரை மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். வாசலில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"அவருக்குக் கைவந்த வேலையையே போட்டியாக வைப்பது நியாயமா, டீச்சர்?" என்று கேட்டேன்.

"சேர்ற நாலு பேருக்குமே தெரிஞ்ச வேலைதான். தெரியாததக் கேட்டா அது போட்டி இல்ல சார், தண்டனை. அவளுக்காகப் போட்டி வைக்கலாம். அவள ஜெயிக்க வைக்கத்தான் கூடாது. காய நீங்களே பிரிங்க. நான் கிட்ட வரமாட்டேன்."

அப்படியே செய்தேன். நான்கு குவியல்கள், சீட்டுப் போட்டு எடுத்தார்கள். "ஒவ்வொரு காயையும் முழுதாக உரிக்க வேண்டும்" என்று விதியில் எழுதியிருந்தேன். அதை உரக்கப் படித்துவிட்டு விசில் ஊதினேன். டீச்சர் சொன்னபடியே திடலின் மறுகோடியில் பிள்ளைகளின் சாக்கு ஓட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

பாப்பாத்தி உரித்தது வேலை செய்வதுபோல இருந்தது. அவசரமே தெரியவில்லை. ஆனால் பதினைந்தாவது காயை வைத்து அவர் கையைத் தூக்கியபோது, இரண்டாவதாக வந்த ராணியிடம் இன்னும் இரண்டு காய்கள் இருந்தன. ராணி மண்டோரின் தங்கை. மண்டோர் என் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரே, இதுல எல்லாம் குடுமி இருக்கு? முழுசா உரிச்சது எங்க ராணிதான்" என்றார்.

உண்மைதான். பாப்பாத்தியின் காய்கள் ஒவ்வொன்றிலும் கண்ணின் மேல் ஒரு கொத்து நார் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவர் தன் தகப்பனாரோடு கடைத் தேங்காய் உரித்தவர், அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. கடைக்குப் போகும் காயில் குடுமி விட வேண்டும். இல்லையென்றால் கண் வழியாக அழுகிவிடும். அவர் கைக்கு 'முழுத் தேங்காய்' என்றால் குடுமியுள்ள தேங்காய். கொப்பரைக்கு உரிப்பவர்களுக்கு அது மொட்டையான தேங்காய். என் விதி எதைச் சொன்னது? நான் எழுதும்போது குடுமியை நினைக்கவே இல்லை. மண்டோர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விசில் ஊதி, ராணி என்று சொன்னேன்.

பாப்பாத்தி சண்டை போடவில்லை. ஒரு காயை எடுத்தார். குடுமியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வந்துவிட்டது. அந்த நாரை என் மேசைமேல் வைத்து, "இதுக்கா ஐயா?" என்றார். பிறகு போய்விட்டார்.

டீச்சர் ஓடி வந்தார். "விதியில குடுமியப் பத்தி எழுதியிருக்கா?"

"இல்லை."

"அப்ப?"

"நீங்களே தீர்ப்பை மாற்றிச் சொல்லுங்களேன், டீச்சர்" என்று கேட்டேன்.

"நடுவரு நீங்க. நான் சொன்னா, பழைய தப்பு மேல புதுத் தப்பு. கிராணி அஞ்சு மணிக்குத்தான் லிஸ்ட் அடிப்பாரு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு சார்."

அந்த ஒரு மணி நேரமும் நான் வகுப்பறையில் உட்கார்ந்து, அடுத்த மாதப் போட்டிக்கு நோட்டில் கோடு போட்டேன். ஒரு தடவை எழுந்து ஆபீஸ் படிவரை போனேன். உள்ளே மண்டோர் குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் லோரி போனது. பாப்பாத்தியின் கணவரை வடக்கே கொண்டு போனார்கள். அவர் வீடு திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை பாப்பாத்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டீச்சர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. அடுத்த மாதமும் போட்டிகளை யோசித்தார், நான் விதிகளை எழுதினேன். ஒரு மாறுதல்தான்: நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாங்கி, போட்டியில் சேரும் ஒருவரைக் கூப்பிட்டு, "இதுக்கு என்னா அர்த்தம்னு உன் வாயால சொல்லு" என்பார். அவர்கள் சொன்ன பிறகுதான் நோட்டில் ஏறும். அது எனக்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அறுபது வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். போன வருஷம் தொலைக்காட்சியில் ஒருவர் சொன்ன பதிலைத் தவறு என்று தள்ளிவிட்டார்கள். அவர் முகம் தொங்கிப்போனது. விளம்பரம் முடிந்து வந்ததும் நடத்துபவர், "சரிபார்த்தோம், உங்கள் பதிலும் சரிதான், மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி மதிப்பெண்ணைக் கொடுத்தார். போன் அடித்தது.

"பாத்தீங்களா சார்? விளம்பரம் முடியறதுக்குள்ள மாத்திட்டான்."

"பார்த்தேன், டீச்சர்."

"நமக்கும் ஒரு மணி நேரம் விளம்பரம் இருந்துச்சே."

அவர் குரலில் கோபம் இல்லை. பாப்பாத்தி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அத்தனை வருஷத்தில் நான் அதை விசாரித்ததே இல்லை. டீச்சர் விசாரித்து வைத்திருந்தார். "அவ போயி நாலு வருஷமாச்சு சார். புருஷனும் இல்ல. நீங்க கேப்பீங்கன்னு நானும் பாத்தேன்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று இந்த இரண்டு வாரமாக யோசித்தேன். படமோ கடிதமோ இல்லை. அவர் 'நமக்கும்' என்று சொன்னார். 'உங்களுக்கும்' என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. திடலின் மறுகோடியில் நின்றவர், அந்த ஒரு மணி நேரத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. தேவாலயத்தில் எழுந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுத்தில்தான் முடிகிறது.

பெண்களுக்கான தேங்காய் உரிக்கும் போட்டியில் முதலில் வந்தவர் பாப்பாத்தி. குடுமியைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. நடுவராக இருந்தவன் நான்.