சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கறுப்பு ஹெல்மெட் தொங்குகிறது. நான் வண்டி ஓட்டுவதில்லை. இருபது வருடத்துக்கு முன் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், ஒரு கரும்புச்சாறு வண்டியோடு எனக்கு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டுக்குப் பிறகு ஷேர் ஆட்டோதான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் ஹெல்மெட்டுக்கு நேர் கீழே படுத்திருக்கும் நாயைப் பார்ப்பார்கள். அவர்கள் கேள்வி கேட்பதற்குள் நான் காபி போட எழுந்து போய்விடுவேன்.

அது எங்கள் சூப்பரின்டெண்ட் சாருடையது. வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் பதினோரு வருடம் அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் பரீட்சைகளை ஒழுங்காக எழுதியதால் அவர் சார், நான் நான். மனைவி இறந்துவிட்டார், மகள் பெங்களூரில். அலுவலகத்துக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில், வாடகை வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னால் நாய் கோபித்துக்கொள்ளும்.

நாய் வந்த கதை இது. ரமணாசிரமம் பக்கம் குளிர்காலத்துக்கு வந்து தங்கிய ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்து, சாந்தி என்று பெயரும் வைத்தார். பங்குனி வெயில் ஏறியதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது அதைக் கட்டிக்கொண்டு அழுது, முத்தம் கொடுத்து, அரைமணி நேரம் விடைபெற்றாராம். பூட்டிய அறைக்கு முன்னால் நான்கு நாள் அது ஊளையிட்டுக்கொண்டிருந்தது. செங்கம் ரோட்டில் ஏதோ வேலையாகப் போன சார் அதைப் பார்த்தார். ஸ்கூட்டரில் காலடியில் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டார். சாந்தி என்ற பெயரில் நான் அறிந்த உயிர்களில் சாந்தியே இல்லாதது அது ஒன்றுதான்.

சார் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தால் போதும், அதற்கு உடம்பு நடுங்கும். வாயில் எச்சில் ஒழுகும். கதவைச் சாத்தினால் நகத்திலிருந்து ரத்தம் வருகிறவரை கதவைப் பிறாண்டும். பிறகு மாலைவரை ஊளை. எங்கள் அலுவலகத்தில் நாற்காலியின்மேல் ஒரு பை இருந்தால் அந்த ஆள் இருப்பதாகவே பொருள். அந்த நம்பிக்கையில்தான் நான் பல மதியங்களைக் கழித்திருக்கிறேன். நாய் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் இல்லையென்றால் இல்லைதான் அதற்கு.

மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் வாசலில் மறித்தார். "சார், இது ஊளைவுடறத கேட்டா எங்க வூட்ல எழவு வுழுந்தாப்பல இருக்குது. ஒரு மாசம் டைம் தரேன். நாயா, வூடானு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

சார் வீட்டைக் காலி செய்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தார். அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. அது அழ ஆரம்பிப்பதற்கு முன்னால் திரும்பி வந்துவிடவேண்டும். பத்து வினாடி போதுமென்றால் பத்தே வினாடி, பிறகு இருபது. போகும்போதும் கொஞ்சக் கூடாது, வந்த உடனேயும் கொஞ்சக் கூடாது. ஹெல்மெட்டைக் கண்டு பயப்படுகிறதா, ஹெல்மெட்டோடு வீட்டிலேயே இருங்கள்.

சார் உத்தரவுகளைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகிறவர். தனியாக விடக் கூடாதே என்று அலுவலக நேரத்தில் நாய் அவர் மேஜைக்கடியில் படுத்துக்கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டிவி செய்தியையும் ஹெல்மெட்டோடுதான் பார்த்தார். "கண்ணு எரியலய்யா, நீயும் ஒண்ணு வாங்கு" என்றார், கண்ணாடியைத் தூக்கிவிட்டு. தேங்காய் மூடியில் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்திருப்பார். அதை நாயிடம் வைத்துவிட்டு வெளியே வந்து தெருவைச் சுற்றுவார். பௌர்ணமியன்று ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, இவர் கையில் கடிகாரத்தோடு தன் தெருவையே பதினான்கு முறை சுற்றினார். நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஊளை கேட்கிறதா என்று காது கொடுக்கவேண்டும். வேலை நேரத்தில்கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

மூன்றாவது வாரம் நாற்பது நிமிடம்வரை வந்திருந்தது. அன்று பயிற்சிக்கு என்னை உள்ளே விட்டு, நான் வெளியேறுவதைப் பழக்கச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தேன். தேங்காய் மூடியை வைத்தேன், கதவருகே போனேன், ஐம்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "போயிட்டு வரேன்மா சாந்தி."

தயிர்சாதத்தை விட்டுவிட்டு எழுந்தது. தெருமுனைவரை கேட்டது அந்த ஊளை. மறுநாள் மறுபடி பத்து வினாடியிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதாயிற்று.

"யோவ், பொண்ணு பார்த்துட்டா கெளம்புற? விடை வாங்கிக்கினு!" என்று சார் கத்தினார்.

எனக்கும் ரோஷம் வந்தது. "சாவு வூட்ல இருந்துதான் சார் சொல்லிக்காம கெளம்புவாங்க. நல்லா இருக்கற வூட்ல எப்படி சார் சொல்லாம போறது?"

அவர் நாயின் காதைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "அது உனக்கும் எனக்கும்யா. அதுக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். சொல்லிக்கினு போனவங்க வரல. சொல்லாம போறவங்க வந்துருவாங்கனு இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா நம்புது. கெடுத்துடாதய்யா."

வீட்டுக்கார அம்மா கெடுவை இன்னொரு மாதம் நீட்டினார். இரண்டு மணி நேரம், அரைநாள், கடைசியில் முழு அலுவலக நாளும் வசப்பட்டது. ஒருநாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாய் இருக்குதா சார், எங்கனா வுட்டுட்டீங்களா? சத்தமே காணோம்" என்றார். சார் முகத்தில் பதவி உயர்வு வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் வீட்டுக்கார அம்மாவின் கெடு என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். விடுப்பு விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. இதயத்தில் அறுவை, வேலூரில். தேதியை மூன்று மாதத்துக்கு முன்பே குறித்துவிட்டார்கள். நாய் தனியாக இருக்கப் பழகட்டும் என்று ஒரு முறை தள்ளியும் போட்டிருக்கிறார். பதினோரு வருடம் எதிரே உட்கார்ந்திருந்தும், படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதை வயசுக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. காலையும் மாலையும் நான் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சார் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார். தேங்காய் மூடியை நாயின் முன் வைத்தார். பையை எடுத்தார். நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்வரை கூடவே போனேன். என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். திறந்த கதவு வழியாக நாயின் காது எங்கள் பக்கம் நிமிர்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அறுவை முடிந்த இரண்டாம் நாள் இறந்துபோனார். வேலூரிலிருந்து நேராகச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாயை சார் வீட்டிலேயே விட்டுவிட்டு நான் போனேன். காரியம் முடிந்ததும் அவர் மகளிடம் சொல்லிக்கொள்ளாமல், முறைப்படி, கிளம்பி வந்தேன்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படியில் வீட்டுக்கார அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காலைலேந்து ஒரு சத்தம் இல்ல சார். அது கத்தி அழுதிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்" என்றார். கதவைத் திறந்தேன். தேங்காய் மூடி சுத்தமாக நக்கப்பட்டுக் கிடந்தது. நாய் ஆணிக்குக் கீழே படுத்திருந்தது. தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் பார்த்து, வால் நுனியை மட்டும் இரண்டு முறை ஆட்டியது. டாக்டர் கேட்டது இதைத்தான். பாடத்தை அது நன்றாகவே கற்றிருந்தது.

நாயை மட்டும் அழைத்துக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல் என் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் அது சாப்பிடவில்லை. போய் ஹெல்மெட்டை எடுத்துவந்து ஆணி அடித்து மாட்டினேன், கீழே படுத்துக்கொண்டது. நான்கு வருடமாகிறது. ஊளையிடுவதே இல்லை. அவர் போய்விட்டார் என்று அதற்குச் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டு போயிருந்தால் அதற்கு விளங்கியிருக்கும்.

காலையில் நான் ஒன்றும் சொல்லாமல்தான் கிளம்புகிறேன். இதற்குப் பழக நாயைவிட என் மனைவிக்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஹெல்மெட்டைக் கடந்து, கதவைச் சாத்தி, தெருமுனை திரும்பி, அதன் காதுக்கு எட்டாத தூரம் வந்தபிறகு ஷேர் ஆட்டோவுக்காக நிற்கிறபோது, "போயிட்டு வரேன் சார்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.