நாலரை அங்குல டயரும் யோசுவாவும்

கிள்ளிப்பாலத்துக்கு அருகில் குற்றாலலிங்கம் பிள்ளை நடத்தும் மோட்டார் பட்டறையில் யோசுவா டயர் மாட்டும் வேலை பார்க்கிறார். அவரைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே ஒன்றைத் தெரிவித்துவிட வேண்டும். இருபத்தொரு நாள் நான் அவரைச் சந்தேகித்தேன். அந்த நாட்களில் அவரைப் பின்தொடர்ந்து குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

நான் ஆறுமுகநயினார், அதே பட்டறையின் ஸ்டோர் கீப்பர். நான்காம் வகுப்புக்கு மேல் படித்தவனல்ல. டயர்க் கம்பெனிகள் அனுப்பும் விலைப்பட்டியல்களையும் கையேடுகளையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தே ஆங்கிலம் கற்றேன். பட்டறைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் நான் எறிந்ததில்லை. யோசுவாவிடமிருந்து திரும்பி வரும் சீட்டுகளைக்கூட, அவற்றில் படிந்த பெருவிரல் கறுப்போடு, மாதவாரியாகக் கட்டி வைத்திருந்தேன்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்றாம் ஆண்டு, அதாவது ஆங்கிலக் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, தை மாதம், கோட்டைக்குள் வசிக்கும் வக்கீல் வீட்டு மகன் ஸ்ரீகண்டன் தம்முடைய இரண்டு இருக்கைப் பந்தய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சங்குமுகத்தை அடுத்த ஒரு திடலில் செம்மண் பரப்பி, உருளை ஓட்டி, வட்டமான ஓட்டப்பாதை அமைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் அதில் பந்தயம். தெருவில் ஓடும் டயர் அதற்கு உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த அளவு உதவும் என்பது தெரியவில்லை.

"நாலு சக்கரத்துக்கும் அஞ்சு அங்குலம் போட்டுடும் ஓய். பெரிசா இருந்தா நன்னாப் பிடிக்குமோல்லியோ?" என்றார்.

"மட்கார்டுல உரசும் சாமி. எஞ்சினும் இழுக்காது."

"அப்போ நீரே பார்த்துச் சொல்லும். தோத்தா உம்ம தலை."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அதையும் தேதியிட்டுக் குறித்துவைத்தேன்.

இரண்டு நாள் அளந்தேன். பத்தொன்பது அங்குல ரிம்மில் நாலு அங்குல டயரை மாட்டி, தரையில் சுண்ணாம்புக் கோடிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டினேன். பிறகு நாலரை அங்குல டயரை அதே போல உருட்டினேன். பெரியது மூன்று அங்குலம் அதிகமாகச் சென்றது. மேலே அகன்று அடியில் குறுகிய தம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் அது குறுகிய பக்கமாகவே திரும்பும். வட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கும் அதே கணக்கு. வட்டத்தின் வெளிப்புறச் சக்கரம் பெரியதாக இருக்க வேண்டும். வளைவில் பாரம் விழுவதும் அந்தச் சக்கரத்தின் மேல்தான். ஆகவே பின்புறத்தில் வெளிப்பக்கத்துக்கு மட்டும் நாலரை, மற்ற மூன்றுக்கும் நாலு என்று முடிவு செய்தேன். 'இடது பின் சக்கரம் நாலரை' என்று சீட்டு எழுதி யோசுவாவிடம் கொடுத்தேன். கார்பன் நகல் என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வண்டியைச் சுற்றிப் பார்த்தபோது நாலரை டயர் இடப்பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாள் யோசுவா வண்டியோடு திடலுக்குப் போனார். நான் ஸ்டோரில் இருந்தேன். பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. மூன்றாம் சுற்றில் இடது பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, வண்டி கயிற்றுக் கம்பங்களை முறித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஸ்ரீகண்டனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கழன்று கிடந்தது நாலு அங்குல டயர். நாலரை டயர் வலப்பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, என்னிடம் மட்டும் கேட்டார்.

"என்னவே எழுதிக் குடுத்தீரு?"

"இடதுன்னுதான் முதலாளி. நகல் இருக்கு."

"மூலச் சீட்டு எங்கவே? நகலை நீரு இப்பக்கூட எழுதியிருக்கலாம்லா."

மூலச் சீட்டைக் காணவில்லை. யோசுவா தலைகுனிந்து தம் கையிலிருந்த, சக்கர மறையைத் தட்டி இறுக்கும் செப்புச் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே என்னிடமிருந்த ஸ்டோர் சாவி வாங்கப்பட்டது; வேலையும் போயிற்று. திங்கட்கிழமை அந்தச் சாவி அருமைநாயகம் என்பவரின் இடுப்பில் இருந்தது. அவர் யோசுவாவின் மச்சான். இதற்கு மேல் சந்தேகத்துக்கு வேறு என்ன வேண்டும்?

டயர் அளவில் பிழை செய்தவன் என்று பெயர் வாங்கினால் இந்த ஊரில் எந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்காது. அந்தப் பெயரை அழிக்க வேண்டுமானால், சக்கரங்களை மாற்றியவர் யார் என்று நிரூபித்தாக வேண்டும். ஆகவே யோசுவாவைக் கவனிக்கத் தொடங்கினேன்.

விசாரித்ததில் தெரிந்தவை இவை. அவர் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே பனை ஏறும் குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பதாம் வயதில் வித்துரா பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனார். அங்கே மலையேறும் லாரிகளின் டயர்களுக்கு ஒட்டுப் போட்டுத் தொழிலைக் கற்றார். ஒரு முறை இரும்பு லீவர் நழுவி வலது பெருவிரலைக் கிழித்தது. விரல் நுனியில் குறுக்கே ஒரு தழும்பு தங்கிவிட்டது. தமிழ் வாசிப்பார். ஆங்கிலம் அறவே தெரியாது. ஞாயிறுதோறும் வேதக் கோவிலில் கடைசி பெஞ்சில் உட்காருவார். மனைவி எலிசாள் மிஷன் வீட்டுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பவள்.

இரண்டாம் வாரம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போவதைக் கண்டேன். பட்டறைச் சாமான் வெளியே போகிறது என்று முடிவு கட்டி, அரிசிக் கடை மறைவில் நின்று பார்த்தேன். பொட்டலத்தில் இருந்தவை தேய்ந்த டயரை அறுத்துச் செய்த மூன்று ஜோடிச் செருப்புகள். பழைய டயரை எடுத்துக்கொள்ள முதலாளியே அனுமதி கொடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதையும் எழுதினேன்.

பத்தொன்பதாம் நாள் வீட்டில், சாவி போன அன்று ஸ்டோரிலிருந்து எடுத்துவந்த என் தகரப் பெட்டியைத் திறந்து எல்லாக் காகிதங்களையும் தேதி வரிசையில் பரப்பினேன். ஆங்கிலக் கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் ஒரு வட்டப் பாதையின் படமும், வண்டி செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் உண்டு. அந்த அம்பின் மேல் ஒரு கறுத்த பெருவிரல் பதிவு இருந்தது. அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. யோசுவாவிடமிருந்து திரும்பி வந்த சீட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கோடு. கையேடுகளை யார் இரவல் வாங்கினார்கள் என்று நான் எழுதிவைக்கும் குறிப்பிலும், பந்தயத்துக்கு இரண்டு நாள் முந்திய தேதியில் இருந்தது: வியாழன், யோசுவா, படம் பார்க்க.

இரண்டு நாள் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையேட்டோடு கரமனை ஆற்றோரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். எலிசாள் முற்றத்தில் பாய் விரித்தாள். நான் உட்காரவில்லை.

"இது யாரு கை, யோசுவா?"

அவர் குனிந்து பார்த்தார். "எனக்க கை தான் அண்ணாச்சி. இதுல மறைக்கதுக்கு என்ன உண்டு?"

"சக்கரத்தை மாத்தினதும் இந்தக் கைதானா?"

"ஆமா."

அவ்வளவு எளிதாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கேள்வியை மறந்துவிட்டேன். அவரே சொன்னார்.

"படத்துல அம்பு இடத்தோட்டு வளையுது. பெரிய டயரு வலப்பக்கம் இருக்கு. உங்க சீட்டுல இடதுன்னு இருந்துது. எழுதினப்ப அண்ணாச்சிக்குக் கை பிழைச்சுப் போச்சுன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை மாட்டினதுல இருந்து மனசு கேக்கல்ல. முதலாளி கண்டா உங்கள விடுவாரா? அதான் திடல்ல வச்சு ஆருகிட்டயும் மிண்டாம மாத்திப் போட்டேன். சீட்டையும் கிழிச்சுக் களஞ்சேன்."

"வண்டி வலம் சுத்தும்னு தெரியாதா உமக்கு? திடல் நடுவுல சர்ப்பக்காவு இருக்கே."

"காவு இருந்தா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாகங்களை வணங்கும் மரத்தோப்பான காவை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் எதுவும் சுற்றும். அதைப் பந்தயக் கமிட்டி தன் அறிவிப்பில் எழுதவில்லை. ஸ்ரீகண்டன் சொல்லவில்லை. பிரதட்சிணம் வருகிறவர்களில் ஒருவனான நானும் சீட்டில் எழுதவில்லை. எங்களில் யாருக்கும் அது எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. எந்தக் காவையும் வலம் வந்திராத யோசுவாவுக்குத் திசை காட்டியது அந்த அம்பு ஒன்றுதான்.

"வண்டிங்க எல்லாம் மறுபக்கமா திரும்பி வரிசையா நின்னப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. ஓடிப் போய்ச் சொல்லதுக்குள்ள கொடி வீசியாச்சு," என்றார்.

"அன்னைக்கு முதலாளி கேட்டப்போ ஏன் சொல்லல?"

"அவரு எங்கிட்ட கேக்கல்லியே அண்ணாச்சி."

எலிசாள் லேஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நல்ல நியாயம். நான் அன்னைக்கே சொன்னேன், போய்ச் சொல்லுங்கன்னு. இவரு நன்மை செய்யதும் களவு செய்யது போலத்தான், ஆரும் காணாம."

அவர் சிரிக்கவில்லை. "வேலை போச்சுன்னா என்ன செய்யதுன்னு பயந்துட்டேன். அது உள்ளதுதான்," என்றார்.

"எழுதிக் கொடுப்பீரா?"

"எழுதியும் தாறேன். நாளைக்கு வாயாலயும் சொல்லுதேன்."

மறுநாள் பட்டறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். குற்றாலலிங்கம் பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"ஏலே, மூணு வாரம் இதை வயித்துக்குள்ளயா வச்சிருந்த?"

"ஆமா முதலாளி."

"ஒனக்கு ஒரு மாசம் டயர் பக்கம் வேலை கிடையாது. லாரி கழுவு. நயினாரு, நீரு நாளைக்கே வாரும்."

"எழுத்தில வேணும் முதலாளி. என் சீட்டு சரின்னு."

முதலாளி என் நகலை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சரிதாம்வே. இடதுன்னு இருக்கு. எதுக்கு இடதுன்னு எங்கவே இருக்கு? அந்த ஒரு வரி இருந்தா இவன் கை வச்சிருப்பானா?"

இந்த ஒன்றுக்கு என்னிடம் காகிதம் இல்லை.

கடிதம் கொடுத்தார். என் அளவு சரியானது என்றும், காரணம் எழுதாதது குறை என்றும் அதில் இருக்கிறது. இரண்டாம் பகுதியை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதன் பிரதி ஒன்று வக்கீல் வீட்டுக்கும் போயிற்று. ஸ்ரீகண்டன் கட்டுப் போட்ட தோளோடு ஒரு நாள் வந்து, "காவை இடப்பக்கம் வெச்சுண்டு யாராவது சுத்துவாளா ஓய்? நான் சொல்லியிருக்கணும்னே தோணலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று அருமைநாயகம் சாவியைக் கொடுத்தபோது அதில் புதிய எண்ணெய் மினுங்கியது. "மச்சான் முதல்லயே சொல்லிட்டாரு, சாவியை எண்ணெய் போட்டு வை, அண்ணாச்சி திரும்பி வருவாருன்னு," என்றார்.

"முதல்லயேன்னா எந்தத் தேதி?"

"தேதியெல்லாம் ஆரு கண்டா?"

யோசுவா எனக்கு நன்மை செய்யவே நினைத்தார் என்று நம்புகிறேன். ஆனால் நான் திரும்பி வருவேன் என்று முதலிலேயே தெரிந்தவர் இருபத்தொரு நாள் எதற்காகக் காத்திருந்தார்? பயம் என்று அவர் சொன்ன பதில் போதுமானதுதான். இருந்தாலும் நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது என் சீட்டுகளில் 'காரணம்' என்று கோடிட்ட ஒரு கட்டம் உண்டு. யோசுவா சுத்தியலைத் தொடும் முன் அதை உரக்க வாசிப்பார். வெறுமையாக இருந்தால் சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு நிற்பார். நேற்று ஒரு லாரிக்கு எழுதிய சீட்டு அப்படித் திரும்பி வந்தது. மூலையில் பெருவிரல் கறுப்பு, குறுக்கே வெள்ளைக் கோடு. காரணத்தை வேறொரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்த சீட்டை இந்த மாதக் கட்டோடு சேர்த்தேன்.