எல்லைக் கல்லில் வைத்த ஆப்பிள்

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன், என் மகன் கைப்பேசியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். விளையாட்டில் புதையல் தோண்டப் போன இடத்தில் யாரோ பின்னால் வந்து அடித்துவிட்டார்களாம்.

"ஏன்டா, புதையலக் கொண்டுபோய் சண்ட போடுற எடத்துலயா வைப்பானுங்க? நிம்மதியா தோண்டுற மாதிரி வேற பக்கம் வைக்கலாம்ல?" என்றேன்.

"அங்க வெச்சாத்தான்மா அடிக்கிறவனுக்கு ஆளு கெடைக்கும்" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்கு மாமா ஞாபகம் வந்துவிட்டது. மறுபடியும் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. கோலா கிளாவாங் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் நாங்கள் இருந்தோம். கல்யாணம் ஆகாதவர், அதனால் அவரும் எங்களோடுதான். செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் அம்மா அவரை மீன் வாங்கப் பாசாருக்கு அனுப்புவார். அவர் அண்ணனையும் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே அம்பாங்கானில் இருந்த சைபர் கபேக்குப் போய்விடுவார். மீனை மறந்துபோன நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் பாசாரில் மீனே வரவில்லை என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்வோம். அம்மா ஒரு தடவையாவது நம்பியதாக எனக்கு நினைவில்லை.

அங்கே கம்ப்யூட்டரில் ஊர் ஊராகச் சுற்றும் ஒரு விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் அதற்குள் ஒன்றாக நடமாடுவார்கள். அண்ணனுக்குச் சண்டைதான் உயிர். அந்தக் கடைக்கு வரும் பையன்களைச் சேர்த்து ஒரு கோஷ்டியே வைத்திருந்தான். மாமா வீட்டில் கோழி அறுத்தாலே கொல்லைப் பக்கம் போய்விடுகிற ஆள். அவருக்குப் புதையல் தோண்டுவது மட்டும் போதும். வரைபடத்தைப் பார்த்து நடப்பார், தோண்டுவார், பெட்டி கிடைத்தால் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நான் அவர் பக்கத்து நாற்காலியில் மைலோ குடித்துக்கொண்டு இருப்பேன்.

ஒருநாள் அந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் புதையலையெல்லாம் சிவப்பு நிலம் என்ற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாரும் யாரையும் அடிக்கலாம். செத்தவன் மேலே இருப்பதெல்லாம் கீழே விழும், அடித்தவன் பொறுக்கிக்கொள்வான். தோண்டிக்கொண்டிருக்கும்போது மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கத்தி எடுக்கவும் முடியாது. "இது என்னா நியாயம்லா?" என்று மாமா முணுமுணுப்பார். ஆனாலும் பழைய சட்டையும் ஓட்டை மண்வெட்டியுமாகப் பயந்து பயந்து போய்வருவார்.

போகும்போது ஒரு காரியம் செய்வார். எங்கள் தோட்டத்து எல்லையில் முனியாண்டி கல் ஒன்று இருந்தது. அதைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் ஒரு தழையை ஒடித்துக் கல்லடியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். தலைக்கு ஒரு தழை. கூட வருகிறவன் மறந்தால் அவனுக்கும் சேர்த்து யாராவது வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சாமி காவலில் அவன் இல்லை. சிவப்பு நிலத்தின் எல்லையிலும் ஒரு கல் நின்றது. மாமா அதைப் பார்த்ததும் விளையாட்டுக்குள்ளேயே தன் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து அதன் அடியில் போட்டார். அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிக்கு எந்தக் கல்லானால் என்ன?

ஒருநாள் அண்ணன் தன் கோஷ்டியிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எங்க மாமா ஆப்பிள் வைக்காம உள்ள போவ மாட்டாருடா. அதப் பாத்துட்டு அந்தக் கொள்ளக்காரனுங்க கண்டிப்பா வருவானுங்க. அப்ப எறங்குவோம்." மாமாவின் ஆப்பிளுக்கு அத்தனை சக்தியா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அண்ணன் மாமாவிடம் வந்தான். "மாமா, இன்னிக்கி நல்ல சாமானா போட்டுக்கிட்டுப் போங்க. பெரிய பொட்டி தோண்டலாம். நான் பின்னாலயே வர்றேன்லா."

"மருமவன் கூட வர்றப்ப எனக்கென்னடா பயம்?" என்றார் மாமா. லீவு லீவாக உட்கார்ந்து சேர்த்த வெள்ளி மண்வெட்டியையும் நெருப்பு நிறக் கோட்டு ஒன்றையும் எடுத்தார். அதுவரை அவற்றைச் சிவப்பு நிலத்துப் பக்கமே கொண்டுபோனதில்லை. அவற்றில்தான் அவருடைய ஆசையெல்லாம் இருந்தது. எல்லைக் கல்லில் ஆப்பிளை வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"மாமா, ஒரு ஆப்பிள் கூடுதலா விழுந்துருச்சு."

"இருக்கட்டும் மருமவளே" என்றார்.

தோண்டி முடிப்பதற்குள் கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள். "மருமவனே, வந்துட்டானுங்கடா!" என்று மாமா வாய்விட்டுக் கூப்பிட்டார். எதிர் வரிசையில் அண்ணனின் தலை நிமிரவில்லை. "டேய், வாடா!" என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். மாமாவின் ஆள் செத்து விழுந்து திரை சாம்பல் நிறமாகிவிட்டது. கொள்ளைக்காரர்கள் குனிந்து மாமாவின் கோட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மரங்களுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் கோஷ்டி பாய்ந்தது. ஒருவன்கூடத் தப்பவில்லை. கடையே அதிர்ந்தது. நானும் நாற்காலிமேல் ஏறிக் கைதட்டினேன்.

"செம்ம பொறி அங்கிள்!" என்றான் கோஷ்டியில் ஒரு பையன். "நீங்க தோண்ட ஆரம்பிச்சப்பவே நாங்க மரத்துக்குப் பின்னாலதான் நின்னோம்."

"அப்பவேவா?" என்று கேட்டார் மாமா.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பொட்டியில உங்களுக்குப் பங்கு இருக்கு மாமா" என்றான்.

"நல்லாத்தான்டா அடிச்சீங்க" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்தார். கோட்டையும் மண்வெட்டியையும் கேட்கவில்லை. அன்றைக்கு மீன் வாங்க மறக்கவுமில்லை.

அடுத்த லீவில் அவர் எங்களைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் ஷிப்டுக்குத் தோதாக இருக்கும் என்று செனாவாங்கிலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோட்டுப் போன வருத்தம் என்றுதான் நான் நினைத்தேன். புதுக் கோட்டு ஒன்று கிடைக்க வேண்டும் என்று முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

அண்ணன் கல்யாணத்துக்கு வந்து தாய்மாமன் முறையை ஒரு குறையில்லாமல் செய்தார். திரும்பிப் போகும்போது அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "நீ விருந்தாளியப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். தம்பி என்றார். மருமவனே என்று அவர் அவனைக் கூப்பிட்டு அப்புறம் நான் கேட்டதே இல்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. அவனும் சின்னப் பையன்தான், விளையாட்டுத்தானே என்று நினைத்திருப்பான். நானும் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லி மனதைத் தேற்றியிருக்கிறேன். ஆனால் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கல்தான் கண்ணுக்கு வருகிறது. அண்ணன் எதுவும் வைக்காமலே அதைத் தாண்டிப் போயிருந்தான். தலைக்கு ஒன்று என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த இரண்டாவது ஆப்பிள் யார் தலைக்கு என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.