பூட்டில் கீறல் இல்லை

பூட்டுக்காரருக்குக் கடை என்று இருப்பது, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்துதான். ஆனால் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் விழி பிதுங்கி நிற்கிறவர்களுக்கெல்லாம் அவரே கதி. எந்த வீட்டைத் திறந்துவிட்டாலும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். அந்த நாணயத்தில்தான் பிழைப்பு ஓடியது.

தம்பியும் அதே தொழில்தான். ஒரு துண்டுக் கம்பி கிடைத்தால் போதும், எந்தப் பூட்டும் அவன் பேச்சைக் கேட்கும். அதனால் அவன் பெயரே கம்பி ஆகிவிட்டது. பைக்கிலிருந்து விழுந்து தோள் முறிந்தபோது வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு கூடியது, மாத்திரை அவனை விடவில்லை. முதலில் அவனுடைய செல்போன் போனது, பிறகு அண்ணனின் அரங்கள், துளை போடும் மெஷின். கடைசியில் கை நடுங்கி, சாவித் துவாரத்தில் கம்பியை நுழைக்கவே வராமல் போயிற்று. இனி கம்பி எண்ணத்தான் லாயக்கு என்று தெருவே சிரித்தது. ஒருநாள் அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அம்மாவுக்குப் புற்று எலும்புவரை பரவியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் அதே வகை மாத்திரை. பூட்டுக்காரர் ஓர் இரும்புப் பெட்டி செய்தார். அதற்குத் தன் ஆயுளிலேயே கெட்டிக்காரப் பூட்டு, ஒரே சாவி. பகலில் தான் கடையில் இருப்போமே என்று சாவியைக் கயிற்றில் கோத்து அம்மாவின் கழுத்தில் போட்டார்.

அப்படியும் அம்மாவின் முனகல் அடங்கவில்லை. மாதம் முழுக்க வர வேண்டிய மாத்திரை பாதியிலேயே தீர்ந்தது. டாக்டர் அவரையே சந்தேகமாகப் பார்த்தார். வேறு யார், கம்பிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டைக் கழற்றி விளக்கடியில் வைத்தார். கம்பி போட்டுத் திறந்தால் உள்ளே கீறல் விழும். நடுங்குகிற கை என்றால் உழுதே வைத்திருக்கும். உள்ளே புதுக்கருக்கு அழியாமல் பளபளத்தது. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள்.

கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார்.

“நீயாம்மா குடுத்த?”

அம்மா மறுக்கவில்லை. “வாந்தி எடுத்துட்டு தரையில சுருண்டு கெடந்தான்டா. பாத்துக்கிட்டே படுத்திருக்கச் சொல்றியா?”

“அப்போ உன் வலி?”

“போகப்போற கட்டை. எனக்குப் பழகிடுச்சு.”

“நீ அவனுக்கு மருந்து குடுக்கலம்மா. கொன்னுக்கிட்டு இருக்க.”

“குடுக்கலைன்னா மட்டும் பொழைச்சிருவானா?”

அவர் அவள் கழுத்திலிருந்த சாவிக் கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு வேளை தவறாமல் கடையைச் சாத்திவிட்டு வந்து, தன் கையாலேயே மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். கண்ணெதிரே விழுங்கினாள். முனகல் மட்டும் குறைந்தபாடில்லை. ஒரு மத்தியானம், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு வெறுமனே தலையை ஆட்டினாள். வாய் திறக்கவில்லை. பின்கட்டுக் கதவின் கீழே இரண்டு கால்களின் நிழல்.

“வாயத் தொறம்மா.”

அவள் பல்லை இறுக்கினாள். ஊரார் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதவர், பெற்றவளின் தாடையைப் பிடித்து விரலை உள்ளே விட்டார். நாக்குக்கடியில் மாத்திரை பாதி கரைந்து கிடந்தது. அதை எடுக்காமல், தம்ளரை அவள் உதட்டில் வைத்தார்.

“முழுங்கு.”

விழுங்கினாள். கதவுக்குப் பின்னால் நின்றவன் விசும்பத் தொடங்கினான். அதைக் கேட்டதும், அத்தனை வலிக்கும் அழாதவள் அழுதாள்.