என் காதில் கீய்ங், அவர் காதில் கும்

ஒரு மாதமாகக் காதுக்குள் இரைச்சல். இன்று திருமயம் டாக்டரிடம் போனேன்.

முதலில் கம்பவுண்டர்தான் விசாரித்துச் சீட்டில் எழுதினார். "சத்தம் சன்னமா, கனமான்னு டாக்டர் கேப்பாருங்க. ரயில் விசிலாட்டம் 'கீய்ங்'குங்குதா, கொசுவாட்டம் 'ஙொய்'யுங்குதா, வண்டாட்டம் 'கும்'முங்குதா? சொல்லிக் காட்டுங்க சார்."

ஊரே பார்க்க, ரிடையரான வாத்தியார் நான், "கீய்ங்" என்றேன். பெஞ்சே சிரித்தது.

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. "எனக்கு 'கும்'முதான் சார், இடது காதுல. அஞ்சாம் வகுப்புல பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பாச் சொன்ன அன்னைக்கு ஆரம்பிச்சது."

அவருடைய அஞ்சாம் வகுப்பு வாத்தியார் நான்தான். வலது கையால்தான் அறைவேன்.

அவர் எழுந்து நின்று சீட்டை நீட்டினார்.

என்னிடம் படித்தவர்கள் இதைப் பார்த்தால் எழுதுங்கள்: உங்களுக்கு என்ன சத்தம்?